சோளகமும் துவிச்சக்கர வண்டியும்

மலைச்சரிவுகளிலே துவிச்சக்கர வண்டி ஓட்டுவதை மேனாட்டார் ஒரு வீர விளையாட்டாகப் போற்றுகின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ ஏறுவதற்கு மலையில்லை. சோளகக் காற்று அக்குறையைத் தீர்த்துவைக்கிறது.

ஆனி மாதத்து விடியற்காலையொன்றில் யாழ்ப்பாண நகரிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்டோம். தூரம் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். பண்ணையைக் கடந்ததுமே தென்மேற்கிலிருந்து வந்த காற்று மார்பில் மோதியது. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலான தாம்போதியில் இருமருங்கும் கடல். ஒதுங்க ஒரு மரமில்லை. இறங்கி உருட்டினோம். வெறும் மீன்பெட்டியைக் கரியரிற் கட்டிய முதியவரொருவர் எம்மைச் சாவதானமாக முந்திச் சென்றார்!

புங்குடுதீவுத் தேநீர்க்கடையில் அவரை மீண்டும் கண்டோம். பேச்சு 1990 இல் மீண்டும் மூண்ட போருக்குத் திரும்பியது. பெற்றோல் தடைப்பட்ட அக்காலத்தில் நோயாளியும் விறகும் நெல்மூட்டையும் துவிச்சக்கர வண்டியிலேயே சென்றன. பற்றரியும் கிடையாமையால், சில்லைச் சுழற்றி டைனமோ மின்னில் வானொலி கேட்டனர். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாதையில் மிதிக்க இடமேது? மூட்டைகளை ஏற்றி உருட்டியே சென்றனர்.

“அண்டைக்கும் இதே சைக்கிள்தான், தம்பி” என்று ஆசனத்தைத் தட்டினார் பெரியவர்.

இவ்வழி செல்ல விரும்பும் மாணவர்கள் சோளகக் காலத்தையே தெரிந்துகொள்க. போகும்போது வருத்தும் காற்று, களைத்துத் திரும்புகையில் முதுகைத் தள்ளும். வாடைக் காலத்திலோ நிலைமை நேர்மாறு. தண்ணீரை மறவற்க.