வெளியே நிற்கும் பெட்டி

கல்லடியில் எங்கள் வீடு. ஒருபுறம் மட்டக்களப்பு வாவி. மறுபுறம் வங்கக் கடல். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாய் வீசும்போது முதுமையுற்ற அன்னையாருக்கு உறக்கம் வராது. அவர் பொருட்டே குளிரூட்டி ஒன்றை வாங்கியிருந்தேன்.

சென்ற ஆனியில் அறை குளிரவில்லை. மின்கட்டணம் மட்டும் ஏறியது. இயந்திரம் பழுதென்று சலித்துக்கொண்டேன். கட்டிலிற் சாய்ந்திருந்த அன்னையார், "உள்ளுக்கு மட்டும் துடைச்சாக் காணுமோ, மகன்? வெளியையும் ஒருக்காப் பாரன்" என்றார்.

வெளிப்பெட்டியின் பின்புறத்தைக் கண்டு வெட்கினேன். அறையின் வெப்பத்தைச் சுமந்துவரும் செப்புக் குழாயும், அதனைக் காற்றிற் கலக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளும் புழுதியால் அடைபட்டுக் கடலுப்புப் பூத்திருந்தன. வெப்பம் வெளியேற வழியின்றேல் உள்ளே குளிர் எங்ஙனம் பிறக்கும்? இருபது ஆண்டுகளாக இதனையே மாணவர்க்குப் பௌதிகமாகக் கற்பிப்பவன் நான்!

பிரதான ஆளியை நிறுத்தினேன். மென்மையான தூரிகையால் தகடுகளின் நெடுக்கிலே புழுதியை நீக்கி, உப்பில்லாத நல்ல நீரை மெல்ல வார்த்தேன். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். உப்பை விட்டுவைத்தாலோ, அது ஈரத்துடன் சேர்ந்து, செம்பு தொடும் இடத்தில் அலுமினியத்தை அரித்துவிடும்.

கனடாவில் வாழும் தங்கையிடம் இதனைக் கூறினேன். அங்கே இத்தகைய இயந்திரமே மறுதிசையில் இயங்கி, குளிர்காலத்தில் அவள் வீட்டைச் சூடாக்குகிறதாம். அதனை மூடும் பனியை அவள் அகற்றுகிறாளாம்.

அன்றிரவு அன்னையார் விடியும்வரை உறங்கினார். உள்ளே நமக்குச் சுகம் தருவது வெளியே வெயிலில் நின்று உழைக்கிறது. அதனைத் திரும்பிப் பார்ப்பதும் நம் கடமையன்றோ?