படுக்கையறையில் பிறந்த எதிரொலி

1982 ஜனவரி. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊர். அங்கே ஒரு வாடகை வீட்டுப் படுக்கையறையில் கிதாருடன் உட்கார்ந்திருந்தார் 32 வயது புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1980இல் வெளியான அவரது 'தி ரிவர்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. ஆனால் புகழ் மனதின் இருளைப் போக்கவில்லை. அந்தக் காலகட்டத்தில் தன்னைப் பிடித்த மனச்சோர்வு பற்றிப் பின்னர் 2016இல் வெளிவந்த சுயசரிதையில் வெளிப்படையாகவே எழுதினார்.

அன்று அவரிடம் இருந்தவை இரண்டு மைக்குகள், டியாக் நிறுவனத்தின் 'போர்ட்டாஸ்டுடியோ 144'. 1979இல் அறிமுகமான இந்தக் கருவியின் தந்திரம் எளிமையானது. சாதாரண கேசட்டில் பக்கத்துக்கு இரண்டாக இருக்கும் தடங்கள் நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்தியது. டேப்பை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டது. குரலும் கிதாரும் இரண்டு தடங்களில். மிச்சமிருந்த இரண்டில் ஹார்மோனிகா, இன்னொரு கிதார், துணைக்குரல் என்று எது தேவையோ அது. ஸ்டுடியோ வாடகை ஏறிக்கொண்டிருக்கையில் பாட்டு எழுதுவதைத் தவிர்த்து, குழுவினருக்கு மாதிரி காட்டுவதுதான் நோக்கம்.

அடுத்து மிக்ஸிங். நான்கு தடங்களையும் அளவு பார்த்துக் கலந்து, ஸ்டீரியோவாக இன்னொரு கேசட்டில் இறக்க வேண்டும். வழியில் 'எக்கோபிளெக்ஸ்' என்ற எதிரொலிக் கருவி. அதற்குள் சுற்றும் சிறு டேப், வந்த ஒலியைப் பதிந்து ஒரு கணம் தாமதித்துத் திருப்பித் தரும். சின்ன அறையில் பாடிய குரல், ஆளரவமற்ற நெடுஞ்சாலையில் கேட்பதுபோல் ஆயிற்று. கலவையைப் பதிந்ததோ, தண்ணீரில் விழுந்து எழுந்த பழைய பானசோனிக் கேசட் பிளேயர்!

அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார் ஸ்பிரிங்ஸ்டீன். பிறகு குழுவினரோடு ஸ்டுடியோவில் அதே பாடல்களைப் பதிந்து பார்த்தார். சுத்தமான ஒலி, நல்ல வாசிப்பு. ஆனால் 1958இல் கொலைவெறியோடு அலைந்த ஸ்டார்க்வெதர் போன்ற பாத்திரங்களின் தனிமை காணாமல் போயிருந்தது. நான்கு தடங்களும் தனித்தனியே பத்திரமாக இருந்தன, மறுபடி கலக்கலாம். ஆனால் அந்த இரவின் அளவும் எதிரொலியும் கேசட்டில் கரைந்த உப்பாகியிருந்தன.

கடைசியில் கேசட்டே ஆல்பமானது. மெலிந்த ஒலியை இசைத்தட்டில் வெட்டத் தொழில்நுட்பக்காரர்கள் படாதபாடு பட்டார்கள். 1982 செப்டம்பரில் 'நெப்ராஸ்கா' வெளியானது. குழுவோடு பதிந்த வடிவங்கள் 43 ஆண்டுகள் கழித்து, 2025 அக்டோபரில்தான் வெளிவந்தன.

இரண்டையும் இன்று அடுத்தடுத்துக் கேட்கலாம். ஒன்றில் திறமையான ஒரு குழு. மற்றதில், விடியும்வரை தூக்கம் வராத ஒரு மனிதர்.