விமானத்தின் ஆடை

எங்கள் குடும்பம் நெசவுக் குடும்பம். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி தோய்ப்பதும், ஈரம் உலருமுன் இழைகளைத் தூரிகையால் நீவி விடுவதும் நான் இளமையில் நாள்தோறும் கண்ட காட்சிகள். "நூலைக் கண்ணால் பார்த்து நம்பாதே, விரலால் இழுத்துப் பார்த்து நம்பு" என்பார் என் தந்தையார். நான் தறியை விட்டுத் தமிழைப் பற்றினேன். ஆயினும், துணியைப் பற்றி இனி நான் கற்க வேண்டியது ஒன்றும் இல்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். 2019-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒரு மோட்டார் வண்டிக் கொட்டகையில் அந்த எண்ணம் அகன்றது.

என் தம்பியின் மகன் அங்கே பொறியாளனாக இருக்கிறான். அவன் அழைப்பை ஏற்று நான் சென்றபோது, வண்டி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு விமானத்தின் எலும்புக்கூடு நின்றது. நான்கு ஆண்டுகளாக, ஓய்வு நேரமெல்லாம் செலவிட்டு, அவன் தன் கைகளாலேயே அதைக் கட்டி வந்தான். வீட்டில் விமானம் கட்டுவதா என்று நீங்கள் வியக்கலாம். அந்நாட்டில் அது சட்டம் ஒப்பிய செயல். இத்தகையோருக்கென்று பால் போபரெஸ்னி என்பவர் 1953-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். 1970 முதல் அச்சங்கத்தின் கோடை விழா ஆஷ்காஷ் என்னும் ஊரின் விமான நிலையத்தில் நடந்து வருகிறது. என் தம்பி மகனின் வீடு அவ்வூருக்கு அருகில் இருந்தது.

அவன் கட்டிய விமானம், பெர்னார்டு பைட்டன்பால் என்பவர் மின்னசோட்டா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1929-ஆம் ஆண்டில் உருவாக்கிய வகையைச் சேர்ந்தது. மோட்டார் காரின் எஞ்சினைப் பூட்டியே அவர் அதைப் பறக்கவிட்டார். உடல் மரம், இறக்கை மரம். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள். பின்னிருக்கையில் ஓட்டுபவர் அமர்வார். முன்னிருக்கை விருந்தினருக்கு உரியது. "முன்னிருக்கை யாருக்கு?" என்று கேட்டேன். எட்டு வயது நிரம்பிய என் பேத்தி, "எனக்கு, தாத்தா!" என்று துள்ளிக் குதித்தாள்.

மரவேலை முடிந்துவிட்டது. இனி அந்த எலும்புக்கூட்டுக்குத் துணி போர்த்த வேண்டும். எந்தத் துணி, எந்தப் பூச்சு என்பதை அவன் இன்னும் முடிவு செய்யவில்லை.

"மழைக்கும் வெயிலுக்கும் ஒரு மறைப்புத்தானே? இதற்கு ஏன் இவ்வளவு தயக்கம்?" என்றேன்.

"இல்லை, பெரியப்பா. வானத்தில் காற்று தாங்குவது இந்தத் துணியைத்தான். துணி ஏற்ற பளுவை விலாச்சட்டங்கள் வாங்கிக்கொள்ளும். அவற்றிடமிருந்து உத்திரம் வாங்கிக்கொள்ளும். துணி கிழிந்தால் இறக்கை இல்லை" என்றான் அவன்.

அந்தச் சொல் என்னை வாயடைக்கச் செய்தது. அன்று இரவே அவன் வைத்திருந்த நூல்களை வாங்கிப் படிக்கலானேன்.

1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலில் 12 விநாடி பறந்து 120 அடி தொலைவைக் கடந்தது. அதன் இறக்கையில் இருந்தது வெளுக்காத பருத்தி மஸ்லின். கடையில் விற்கும் துணி. இழைகள் சாய்வாக அமையுமாறு அதை அவர்கள் வெட்டித் தைத்தார்கள். அதனால் துணியே இறக்கைச் சட்டத்துக்கு முட்டுக் கொடுத்து நின்றது. அடுத்து, 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரின் விமானங்களுக்கு ஆளிநாரால் நெய்த லினன் துணி பயன்பட்டது. அதன்மேல் 'டோப்' என்னும் பசைநீரைப் பூசினார்கள். பாவுக்குக் கஞ்சி எப்படியோ, இறக்கைக்கு டோப் அப்படி. அது இழைகளுக்குள் ஊறி, உலரும்போது சுருங்கித் துணியை மத்தளத்தின் தோல்போல் விறைப்பாக இழுத்து நிறுத்தும். காற்றும் ஈரமும் புகாமல் கண்களை அடைக்கும். ஆனால் அந்நாளைய நைட்ரேட் டோப் எளிதில் தீப்பற்றும் இயல்புடையது. எனவே, தீக்கு அவ்வளவு விரைவில் இடங்கொடாத பியூட்டிரேட் டோப் பின்னர் வந்தது.

பின்னாளில் விமானத்துக்கென்றே தேர்ந்த பருத்தித் துணி நெய்தார்கள். அதில் ஓர் அங்குல அகலத் துண்டு 80 பவுண்டு இழுவையைத் தாங்க வேண்டும் என்பது விதி. வெயிலிலும் மழையிலும் நலிந்து அந்த வலிமை 56 பவுண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அத்துணியை அகற்றியே ஆக வேண்டும். இவ்விதியைப் படித்தபோது என் தந்தையார் கூறிய மொழி நினைவுக்கு வந்தது.

இந்நாளில் பெரும்பாலோர் போர்த்துவது பாலியெஸ்டர் துணி. அவ்விழையை 1941-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்டுபிடித்தனர். பருத்திபோல் அது மட்கிப் போவதில்லை. நீரால் அன்றி வெப்பத்தால் சுருங்குவது அதன் தனி இயல்பு. சட்டத்தில் ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் துணி தானே விறைத்துக்கொள்ளும். வலிமை மிக்க இத்துணிக்குப் பெரும் பகை ஒன்று உண்டு. அது கதிரவனின் புறஊதாக் கதிர். ஆதலால் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப்பூச்சு ஒன்று துணிக்கும் வண்ணத்துக்கும் இடையே குடைபோல் அமைய வேண்டும்.

துணியைத் தேர்வது அரிதன்று. சதுர கஜத்துக்கு 1.7, 2.7, 3.4 அவுன்ஸ் என்று எடைக்கேற்ப அது கிடைக்கிறது. இவன் விமானம் மெல்ல ஊரும் இலேசான ஊர்தி. ஆதலால் நடுத்தரமான 2.7 அவுன்ஸ் போதும் என்று தெளிந்தான். பூச்சு முறையில்தான் குழப்பம். டோப் முறை பழகிப்போன முறை. ஆனால் தீயச்சம் உண்டு. வினைல் முறையில் பூச்சு நெகிழ்வாக இருக்கும். கிழிந்த இடத்தில் கரைப்பானைத் தடவினால் பழைய பூச்சு இளகி ஒட்டை ஏற்கும். ஆனால் பளபளப்புக் குறைவு. பாலியூரிதேன் முறை கண்ணாடிபோல் மின்னும். ஆனால் பழுது பார்ப்பது கடினம். நீரில் கரைத்த பூச்சுகளில் நச்சு நாற்றம் குறைவு. ஆனால் தெளிக்கும் கைக்குப் பக்குவம் மிகுதியாக வேண்டும். ஆலையிலேயே பூச்சு ஏற்றிய துணியும் உண்டு. அது வேலையைக் குறைக்கும், விலையைக் கூட்டும்.

என் பேத்தி மின்னும் செந்நிறமே வேண்டும் என்றாள். தந்தையும் அதற்கு ஒரு வழி கண்டான். "ஒட்டுப்பசை ஒரு முறையிலிருந்து எடுத்துக்கொள்வேன். வெள்ளிப்பூச்சு மலிவாகக் கிடைக்கும் இன்னொரு முறையிலிருந்து வாங்குவேன். மேலே மோட்டார் காருக்கு அடிக்கும் சிவப்பு வண்ணம். ஒவ்வொன்றிலும் சிறந்ததைப் பொறுக்கிக்கொண்டால் என்ன, பெரியப்பா?" என்றான். எனக்கும் அது நல்ல யோசனையாகவே தோன்றியது.

மறுநாள், பல விமானங்களைக் கட்டிப் பழகிய முதியவர் ஒருவர் கொட்டகைக்கு வந்தார். அவன் திட்டத்தைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "ஆஷ்காஷ் விமான நிலையத்துக்கு யாருடைய பெயர் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். "ஸ்டீவ் விட்மன்" என்றான் இவன்.

முதியவர் அவர் வரலாற்றைக் கூறினார். 1904-இல் பிறந்த விட்மன், பந்தய விமானங்களைத் தாமே வகுத்துக் கட்டிப் பறந்து புகழ் பெற்றவர். 1931 முதல் 1969 வரை ஆஷ்காஷ் நிலையத்தின் மேலாளராக இருந்தவர். 91 வயதிலும் தாம் கட்டிய விமானத்தைத் தாமே ஓட்டினார். 1995-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் துணைவியாருடன் புளோரிடாவிலிருந்து விஸ்கான்சின் நோக்கிப் பறந்தார். அலபாமா மாநிலத்தின் மேலே விமானம் வானிலேயே சிதைந்தது. இருவரும் மாண்டனர். அரசு ஆய்வாளர்கள் சிதறிய துண்டுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். இறக்கைத் துணியின் ஒரு பகுதி பிடிப்பின்றி இருந்ததும், அது பின்விளிம்பில் பிரிந்துவிட்டதும், அதனால் இறக்கையும் அதன் அசையும் மடலும் கட்டுக்கு அடங்காமல் நடுங்கியதும் புலனாயின. துணி முறைப்படி பொருத்தப்படாமையே அதற்குக் காரணம் என்று அறிக்கை முடிவு கூறிற்று.

"விட்மனுக்குத் தெரியாத விமானக் கலை ஏது? ஆனால் பசைக்கு யாருடைய புகழும் தெரியாது" என்றார் முதியவர். கொட்டகையில் அமைதி நிலவியது. என் தம்பி மகனின் கண்கள் முன்னிருக்கையின் மீது சென்றதை நான் கண்டேன்.

பிறகு அவர் காரணங்களை விளக்கினார். பருத்தியில் டோப் ஊறிப் பிடிக்கும். பாலியெஸ்டர் இழையோ எதையும் உறிஞ்சாது. முதற்பூச்சு துணியின் கண்களுள் புகுந்து இழைகளைச் சுற்றி வளைத்துக்கொண்டால்தான் பிடிப்பு உண்டாகும். அதற்கென்று அமைந்த பூச்சை விடுத்து வேறொன்றைப் பூசினால், மேலே உள்ள அனைத்தும் ஒருநாள் தோலாக உரிந்துவிடும். வெப்பத்தால் விறைத்த துணியின்மேல் சுருங்கும் டோப்பை மிகுதியாக ஏற்றினால், இழுவை மிஞ்சி விலாச்சட்டங்கள் கோணும். மோட்டார் காரின் வண்ணம் அசையாத தகட்டுக்காகச் செய்யப்பட்டது. காற்றில் அதிரும் துணிமேல் அது வெடிக்கும். வெடிப்பின் வழியே வெயில் புகும். "துணி, பசை, பூச்சு ஆகியவை தனித்தனிப் பொருள்கள் அல்ல, எல்லாம் சேர்ந்து ஒரு முறை. எதைத் தேர்ந்தாலும் முழுவதையும் தேர்ந்துகொள், அதன் கையேட்டில் உள்ளபடியே செய்" என்று கூறி விடைபெற்றார்.

அன்று மாலை என் தம்பி மகன் தன் மகளை அருகில் அமர்த்தி, மின்னும் சிவப்பு இல்லை என்பதை எடுத்துச் சொன்னான். அவள் அழுதாள். அவன் மனம் மாறவில்லை. கிழிந்தால் தன் கையாலேயே தைத்து ஒட்டக்கூடிய வினைல் முறையை, பசை முதல் வண்ணம் வரை ஒரே இடத்திலிருந்து வாங்கினான். மங்கலான மஞ்சள் நிறம் அமைந்தது.

இனி வேலை தொடங்கியது. முதலில் இஸ்திரிப் பெட்டியைச் சோதித்தான். துணியை முதலில் 250 பாரன்ஹீட் பாகையிலும், இறுதியாக 350 பாகையிலும் தேய்க்க வேண்டும். அதற்கு மிஞ்சிச் சூடேறினால் விறைத்த துணி மீண்டும் தளரும். இன்னும் மிஞ்சினால் உருகும். பெட்டியின் குமிழ் காட்டிய அளவுக்கும் வெப்பமானி காட்டிய அளவுக்கும் இடையே 30 பாகை வேறுபாடு இருந்தது. குமிழை நம்பியிருந்தால் துணி கெட்டிருக்கும்.

அடுத்து, துணியை விலாச்சட்டங்களோடு சேர்த்துத் தைக்கும் பணி. இறக்கையை நிமிர்த்தி நிறுத்தி, ஒருவர் இப்பக்கத்திலிருந்து நீண்ட ஊசியைச் செலுத்த, மற்றவர் அப்பக்கத்திலிருந்து அதை வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். அப்பக்கம் நின்றவன் நான். சுழல்விசிறியின் காற்று தாக்கும் இடத்தில் முடிச்சுகள் நெருக்கமாக இருத்தல் வேண்டும். ஒரு மாலையில் களைப்பு மேலிட்டு, ஒரு முடிச்சு சற்றுத் தளர்ந்துவிட்டது. "நாடா ஒட்டி மறைக்கப் போகிறோமே, யாருக்குத் தெரியும்?" என்றேன் விளையாட்டாக. "காற்றுக்குத் தெரியும், பெரியப்பா" என்று சொல்லி, அந்த வரிசையையே அறுத்துவிட்டு மீண்டும் தைக்கத் தொடங்கினான். தமிழாசிரியனாகிய நான் அந்த விடைக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

தையலின்மேல் நாடாவும், அதன்மேல் வெள்ளிப்பூச்சும் ஏறின. ஓர் இரவு கொட்டகையை இருளாக்கி, இறக்கையினுள் மின்விளக்கைச் செலுத்திப் பார்த்தோம். ஓரிடத்தில் ஒளி மெல்லக் கசிந்தது. ஒளி வெளியே வரும் வழியில் வெயில் உள்ளே போகும் அல்லவா? அவ்விடத்துக்கு மீண்டும் ஒரு பூச்சு. மறுபடி விளக்கை ஏற்றியபோது இறக்கை முழு இருளாக இருந்தது. விளக்கு எரிந்தும் இருள் கண்டு மகிழ்ந்தது என் வாழ்வில் அன்று ஒருநாள்தான்.

நான் ஊர் திரும்பினேன். வீட்டில் கட்டிய விமானத்தை, முதலில் சோதனைக்காக ஓட்டிக் காட்டிய பிறகே பயணிகளை ஏற்றலாம் என்பது அந்நாட்டு விதி. இவனுக்கு விதித்தது 40 மணி. 2021-ஆம் ஆண்டில் அதை முடித்து, மகளை முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு பறந்தான். படம் வந்தது. பச்சை வயல்களின் மேலே மஞ்சள் இறக்கை. அதன் கீழே என் பேத்தியின் சிரித்த முகம்.

நாம் ஒரு பொருளைத் தேரும்போது, கண்ணுக்குத் தெரியும் வண்ணத்தை முதலில் வைத்து, காணாத பிடிப்பைக் கடைசியில் வைக்கிறோம். உயிர் அதன்மேல் ஏறும் நாளில் இந்த வரிசை தலைகீழாக வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தது அந்தக் கொட்டகை. ஒவ்வொன்றிலும் சிறந்ததைப் பொறுக்குவது அறிவுபோல் தோன்றும். ஒன்றோடொன்று இணங்குவதைத் தேர்ந்து அதன் வழியே இறுதிவரை நிற்பதே அறிவு.

படத்தைக் கண்ட உறவினர் பலரும் இறக்கையின் நிறத்தைப் பற்றியே பேசினார்கள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அப்பக்கம் நின்று ஊசி வாங்கிய வரிசையைத் தேடினேன். நாடாவின் கீழே ஒரு முடிச்சும் தெரியவில்லை. அவை அங்கே இருக்கின்றன என்பதை மட்டும் நான் அறிவேன்.