ஸோம்பா மலையடிவாரத்து நாட்கள்

மலாவியை விட்டு ஊருக்கு வந்து வருடங்கள் ஓடிவிட்டன. காலையில் எழுந்ததும் மனசு இன்னும் முதலில் ஸோம்பாவுக்குத்தான் போகிறது. இங்கே சொந்தபந்தம், பேரக்குழந்தைகள், வீட்டுச் சாப்பாடு எல்லாம் இருக்கிறது. ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்த ஊர்ச் செம்மண் பாதையில் பள்ளிக்கூடத்துக்கு நடந்த நாட்களை நினைத்து ஏங்குகிறேன். வாய்விட்டுச் சொன்னால், "ஆப்பிரிக்காவில் அப்படி என்ன இருந்தது?" என்று கேட்கிறார்கள். என்ன இருந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். விருப்ப ஓய்வு பெற்றபின் தன்னார்வலராக மலாவிக்குப் போனேன். பிரிட்டனில் 1958இல் வி.எஸ்.ஓ. என்ற தன்னார்வலர் அமைப்பும், அமெரிக்காவில் 1961இல் பீஸ் கோர் என்ற தன்னார்வலர் அமைப்பும் தொடங்கிய காலத்தில் இப்படிப் போனவர்கள் பெரும்பாலும் படிப்பை முடித்த வெள்ளைக்கார இளைஞர்கள். 1970இல் ஐ.நா. பொதுச்சபை தன் தன்னார்வலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பிறகு மெல்ல மெல்ல இந்தியா, கென்யா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளின் ஆசிரியர்களும் நர்ஸுகளும் இந்த வழியில் போகத் தொடங்கினார்கள். சம்பளம் கிடையாது. சாப்பாட்டுக்கும் அன்றாடச் செலவுக்கும் காணும் அளவுக்கு ஒரு படி கிடைக்கும். அதனால் பக்கத்து வீட்டு டீச்சர் எப்படி வாழ்கிறாரோ, ஏறக்குறைய அப்படித்தான் நாமும் வாழவேண்டும். அந்த நிலைதான் ஊராரோடு என்னைச் சேர்த்துவைத்தது.

ஸோம்பா 1975 வரை மலாவியின் தலைநகராக இருந்த ஊர். பின்னால் பெரிய பீடபூமி, அடிவாரத்தில் மக்காச்சோள வயல்கள். அங்கே விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் வாசல் பெருக்கும் சத்தம் கேட்டுவிடும். கைப்பம்பில் பெண்கள் வாளியோடு நிற்பார்கள். எவ்வளவு அவசரமானாலும் அங்கே யாரும் நேரே விஷயத்துக்கு வரமாட்டார்கள். நன்றாகத் தூங்கினீர்களா, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டு, நம் பதிலை நின்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அரை ஊரை விசாரித்துவிடுவேன். அரை ஊரும் என்னை விசாரித்திருக்கும். இங்கே மாடிக் குடியிருப்பில் எதிர் வீட்டுக்காரரைப் பார்த்துப் பல நாட்களாகிவிட்டன.

மலாவி 1994இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கை சுமார் 19 லட்சத்திலிருந்து ஒரே வருடத்தில் 30 லட்சத்தை நெருங்கியது. அந்த வேகத்துக்குக் கட்டடமும் ஆசிரியரும் ஈடுகொடுக்க முடியவில்லை. நான் போன பள்ளிகளில் ஒரு வகுப்புக்கு நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். சில வகுப்புகள் மாமரத்தடியில்தான் நடந்தன. கணக்குப் பாடத்தை அந்த ஆசிரியர்களோடு உட்கார்ந்து தயாரிப்பதுதான் என் வேலை.

கையில் கிடைப்பதை வைத்துப் பாடம் நடத்துவதற்கு டாலுலார் என்று அங்கே பெயர். அதை ஆசிரியர் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். மாவுச் சாக்கைப் பிரித்து எண் அட்டவணை எழுதுவோம். அட்டைப்பெட்டிகளை ஒட்ட மரவள்ளி மாவில் பசை காய்ச்சுவோம். எண்ணுவதற்கு சோடா பாட்டில் மூடிகள், பத்துக்கு மூங்கில் குச்சிக் கட்டுகள். இரண்டாம் வகுப்பு எடுத்த ஒரு சின்ன வயது டீச்சர் இன்னும் என் கண்முன்னே நிற்கிறார். அவர் ஒரு பாட்டை எடுத்துக்கொடுப்பார். அது முடிவதற்குள் பிள்ளைகள் குழுக்குழுவாக உட்கார்ந்து, மூடிகளைப் பங்கிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் தகரக் கூரையில் மழை கொட்டியதில் பேச்சு காதில் விழவில்லை. அவர் பாடத்தை நிறுத்தவில்லை. மூங்கில் கட்டு ஒன்றையும் மூன்று குச்சிகளையும் உயர்த்திக் காட்டினார். நூற்றுச் சொச்சம் பிள்ளைகளும் பத்து விரலைக் காட்டி, கையை மூடி, மறுபடி மூன்று விரலைக் காட்டினார்கள். பல வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்த நான், பெரிய வகுப்பை நடத்தும் கலையை அவரிடம்தான் கற்றேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா வெள்ளை மக்காச்சோள மாவில் ந்ஸிமா கிண்டுவார். பார்க்க நம் களி மாதிரியே இருக்கும். கூடவே நிலக்கடலைப் பொடி போட்ட பூசணிக்கீரை, சில நாள் உஸிபா என்கிற பொடிமீன் கருவாடு. கை கழுவ முதலில் விருந்தாளிக்குத்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். பிறகு எல்லோரும் கையால் சாப்பிடுவோம். ஜனவரி, பிப்ரவரியில் பழைய தானியம் தீர்ந்து, புதுக்கதிர் முற்றாமல் இருக்கும். அவை பசி மாதங்கள். கஞ்சி ஊற்றும் பள்ளிகளில் அப்போது வருகை குறையாது; ஊற்றாத பள்ளிகளில் பிள்ளைகள் சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப்பட்ட மாதத்தின் கடைசியில் தன் வயலில் ஒடித்த முதல் கதிர்களை வேகவைத்து, மூடிய தட்டில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார் அந்த அம்மா. தன் பிள்ளைகளுக்கே அரை வயிறாக இருந்த வீடு அது.

2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் தெற்கு மலாவியைத் தாக்கியபோது நான் இங்கே இருந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் இந்தியப் பெருங்கடலில் சுற்றிய புயல் அது. மலைச்சரிவுகள் சரிந்து வீடுகள் மண்ணுக்குள் போயின. மலாவியில் மட்டும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஆயிரம் பேருக்கு மேல். நாங்கள் பாடம் நடத்திய பள்ளியே நிவாரண முகாமாகிவிட்டது என்று அந்த இரண்டாம் வகுப்பு டீச்சர் வாட்ஸ்அப்பில் எழுதினார். முகாமில் இருந்த பிள்ளைகளைச் சேர்த்து, மூடிகளையும் குச்சிகளையும் வைத்து வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று மூடி பொறுக்கித் தரவாவது நான் அங்கே இருந்திருக்கக் கூடாதா என்று அன்றிரவு முழுக்கத் தவித்தேன்.

ஆனால் என் வேலைக்குத் திரும்பிப் போக நான் ஆசைப்படவில்லை. இப்போது மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கு அந்த டீச்சரே பயிற்சி கொடுக்கிறார். அவர் உட்கார வேண்டிய நாற்காலியில் இன்னொரு வெளிநாட்டுக்காரி உட்காரக் கூடாது. அந்த மனிதர்களோடு சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கைக்காகத்தான் ஏங்குகிறேன்.

தங்கள் தொழில் நன்றாகத் தெரிந்த, உடம்பில் தெம்புள்ள ஆசிரியர்களும் நர்ஸுகளும் எஞ்சினியர்களும் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். போக நினைத்தால் தாராளமாகப் போங்கள். இரண்டு வாரத்துக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வராதீர்கள். ஒரு விதைப்பும் ஒரு அறுவடையும் பார்க்கும் அளவுக்காவது தங்குங்கள். முதலில் அவர்கள் மொழியைப் படியுங்கள். உங்கள் வேலையை அந்த ஊர்க்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டதும் கிளம்பிவிடுங்கள்.