தண்ணீர் எத்தனை நிமிடம் வரும்?

தீயணைப்புத் துறையில் ஃபயர்மேனாகச் சேர்ந்து ஸ்டேஷன் ஆபிசராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஒரு கல்லூரியில் தீத்தடுப்பு, தொழிற்சாலைப் பாதுகாப்பு டிப்ளமோ வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பிளஸ் டூ முடித்த கையோடு வருகிற பிள்ளைகள் உண்டு. ஃபேக்டரியில் ஐந்தாறு வருடம் உழைத்துவிட்டு சேஃப்டி ஆபிசராக ஆசைப்பட்டு வருகிறவர்களும் உண்டு. இந்தப் படிப்பு என்றால் மேஜை வேலை என்று நம்பி வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எந்த வகுப்பிலும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். வண்டித் தொட்டியில் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. 20 மி.மீ. நாசிலில் 4 பார் அழுத்தத்தில் அடிக்கிறோம். தண்ணீர் எத்தனை நிமிடம் வரும்? அரை மணி நேரம் என்பார்கள், ஒரு மணி நேரம் என்பார்கள். கணக்கு எளிது. நாசில் விட்டத்தின் வர்க்கம் 400, அழுத்தத்தின் வர்க்கமூலம் 2, இரண்டையும் பெருக்கி மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 533 லிட்டர். எட்டரை நிமிடத்துக்குள் தொட்டி காலி. இரண்டு நாசில் திறந்தால் நாலு நிமிடம் சொச்சம். இது பரீட்சைக்கான கணக்கு இல்லை. ஜெட்டைத் திறப்பதற்கு முன்பே அடுத்த தண்ணீருக்கு ஆள் அனுப்பியாக வேண்டும் என்று சொல்கிற கணக்கு. நீரியல் தாளில் நல்ல மார்க் வாங்கிய பையன் களத்தில் அந்த ஆளை அனுப்ப மறந்தால், அவன் நீரியல் படிக்கவில்லை என்றே நான் வைத்துக்கொள்வேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் நிலையத்தின் ஸ்டேஷன் ஆபிசர். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவர். பம்ப் ஓடும்போது கேஜைப் பார்ப்பதற்கு முன் உள்ளங்கையை பம்ப் உறைமேல் வைப்பார். குளிர்ந்திருந்தால் தண்ணீர் ஓடுகிறது. சூடேறினால் டெலிவரி மூடிக் கிடக்கிறது, உள்ளே அதே தண்ணீர் சுழன்று காய்கிறது. கேஜ் முள் பழுதாகலாம், கை பழுதாகாது என்பார். அந்தக் கையை இன்றைக்கும் என் மாணவர்களிடம் வளர்க்கப் பார்க்கிறேன். மீட்டரை நம்பக் கற்றுக்கொடுப்பது சுலபம். மீட்டரைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு பருவம் முழுக்க ஆகிறது.

கிணற்றில் தண்ணீர் எடுப்பதுதான் அவர் எங்களை அதிகம் பழக்கியது. பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. சக்ஷன் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. ஏட்டுக் கணக்கில் அந்த அழுத்தம் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரை தூக்கும். உரசல், கசிவு எல்லாம் போக, களத்தில் ஏழு மீட்டர் ஏறினால் நல்ல பம்ப். சித்திரை வெயிலில் நம் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் அதற்கும் கீழே கிடக்கும். எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கிவிடலாமா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கேட்பார். இறக்கக் கூடாது. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு கிணற்றுக்குள் தேங்கி ஆளைக் கொல்லும்.

தண்ணீர் ஏறவில்லை என்றால் பயிற்சியாளர்கள் த்ராட்டிலை முறுக்குவார்கள். பயனில்லை. பார்க்க வேண்டியவை வேறு. சக்ஷன் கப்ளிங்கில் வாஷர் இருக்கிறதா? குழாய் வழியில் எங்காவது பம்பை விட உயரமாக மேடு கட்டியிருக்கிறதா? கட்டியிருந்தால் அங்கே காற்று தங்கும். ஸ்ட்ரெய்னர் போதிய ஆழத்தில் மூழ்கியிருக்கிறதா? மேலாக இருந்தால் சுழி விழுந்து காற்றை உறிஞ்சும். ஒருமுறை வைக்கோற்போர் தீயில், புதிதாக வந்த பையன் பத்து நிமிடம் போராடியும் தண்ணீர் வரவில்லை. ஆபிசர் அவனைத் திட்டவில்லை. கப்ளிங்கைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து வாஷர் ஒன்றை எடுத்துப் போட்டார். நிலையத்தில் இருந்த அத்தனை பேரும் மறுநாளிலிருந்து பையில் வாஷர் வைத்துக்கொண்டோம்.

ஹோஸும் அப்படித்தான். லேண்டிங் வால்வின் வாய் பெண் கப்ளிங். ஹோஸின் ஆண் முனை அதில் சொருகும், பெண் முனை தீயை நோக்கிப் போகும். அவசரத்தில் இதை மாற்றி விரித்துவிட்டால் முப்பது மீட்டரையும் திருப்பிப் போட வேண்டும். 4 பாரில் 20 மி.மீ. நாசில் கையைப் பின்னுக்குத் தள்ளும் விசை ஏறத்தாழ 25 கிலோ எடைக்குச் சமம். அதனால்தான் பம்ப் ஆபரேட்டர் அழுத்தத்தை மெல்ல ஏற்ற வேண்டும், பிராஞ்ச் பிடிப்பவர் காலை முன்னும் பின்னுமாக ஊன்ற வேண்டும். அழைப்பு முடிந்து திரும்பியதும் ஹோஸைக் கழுவி, டவரில் தொங்கவிட்டு உலர்த்தி, போன முறை மடித்த இடத்தில் மடியாதபடி மடித்து வைக்க வேண்டும். ஒரே இடத்தில் மடிந்துகொண்டே வந்தால் அங்கேதான் வெடிக்கும். எங்கள் வேலையில் பெரும்பகுதி கழுவுவது, உலர்த்துவது, எழுதி வைப்பது. இதில் அலுப்பு வருகிறவர்களுக்கு இந்தத் துறை வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன்.

பி.ஏ. செட், அதாவது புகைக்குள் போக அணியும் காற்றுக் கருவிப் பயிற்சியில் கணக்கு இன்னும் நெருக்கமானது. ஆறு லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் 1,800 லிட்டர் காற்று. உழைக்கிற ஆள் நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 45 நிமிடம். அதில் பத்து நிமிடத்தை வெளியே வருவதற்கென்று ஒதுக்கிவிட வேண்டும். பயந்தவர் இரட்டிப்பாக மூச்சு வாங்குவார், அவருக்கு இந்தக் கணக்கே பாதியாகிவிடும். புகை அறையில் கண்ணைக் கட்டி விடும்போது பிள்ளைகள் உள்ளங்கையை நீட்டித் தடவிக்கொண்டு போவார்கள். புறங்கையால் தடவச் சொல்வேன். மின்சாரம் பாயும் கம்பியில் உள்ளங்கை பட்டால் விரல்கள் இறுகி அதையே பற்றிக்கொள்ளும், புறங்கை பட்டால் கை தானாக விலகும். கதவையும் திறக்குமுன் புறங்கையால்தான் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டி, பாழுங்கிணறு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மாநிலத்தில் திரும்பத் திரும்ப நடப்பது இது. ஒருவர் மயங்கி விழுவார், காப்பாற்ற அண்ணன் இறங்குவார், பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் அதிக அபாயத்தில் இறங்குகிறார். காற்றில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் காற்றுக் கருவியில்லாமல் நுழையக் கூடாது. கேஸ் டிடெக்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவே, அடியில் என்று மூன்று உயரத்தில் அளந்த பிறகே ஆள் இறங்கலாம். மேலே நிற்கிற ஜனங்களைத் தடுத்து நிறுத்துவதும் பாடத்தில் சேர்ந்ததுதான். 2012 செப்டம்பரில் சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில், பக்கத்து ஊர்களிலிருந்து உதவ ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் பலியானார்கள். கயிறு கட்டி கூட்டத்தை எத்தனை தூரத்தில் நிறுத்துவது என்பது ஒரு முடிவு. அதை முதல் ஐந்து நிமிடத்தில் எடுக்கத் தெரிந்தவர்தான் மேலாளர்.

கட்டடத்தை வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். ஒவ்வொரு மாணவரும் ஒரு கல்யாண மண்டபத்துக்கோ பள்ளிக்கோ துணிக்கடைக்கோ போய் நடந்து பார்த்துவிட்டு வரைபடம் போட்டு வர வேண்டும். வெளியேறும் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பூட்டு இருக்கிறதா, படிக்கட்டில் என்ன அடுக்கியிருக்கிறார்கள், சமையலறை சிலிண்டர் எங்கே, ஜெனரேட்டர் டீசல் எங்கே, வண்டி எதுவரை உள்ளே வரும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையற்கூடத்தில் பற்றிய தீ கூரைக்கு ஏறி 94 குழந்தைகள் இறந்தார்கள். கீற்றுக் கூரையும் குறுகலான படியும் முந்தின நாளும் அங்கேதான் இருந்தன. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். பார்ப்பதற்கென்றே பழகிய கண் அந்தப் பக்கம் போகவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் குரல் தழுதழுக்கும், மறைப்பதில்லை.

2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் நடந்த துணிக்கடைத் தீயையும் வகுப்பில் விரிவாகப் பேசுவோம். முகப்பை அடைத்துக் கட்டிய கட்டடத்தில் புகை வெளியேற வழியில்லை, உள்ளே நுழைய முடியவில்லை. மறுநாள் அதிகாலை கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. 2012 ஜனவரியில் சென்னை எழிலக வளாகத்துப் பழைய கட்டடத்தில் கூரை இடிந்து தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் காயமடைந்தார். சூடேறிய கட்டடம் எப்போது நம்மைக் கைவிடும் என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. சுவரில் புதிதாக ஓடும் விரிசல், நிலையிலிருந்து விலகும் கதவுச் சட்டம், தரையில் தேங்கி நிற்கும் நாம் அடித்த தண்ணீர். ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு டன். அந்தப் பாரத்தை நாமே மேல்தளத்தில் ஏற்றிவிட்டு அதன் கீழே நிற்கக் கூடாது.

சட்டத் தாள் பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை. போபாலில் 1984 டிசம்பரில் நடந்த விஷவாயுக் கசிவுக்குப் பின்தான் 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் அபாயத் தொழில்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது, 1989இல் அபாய ரசாயன விதிகள் வந்தன என்று காரணத்தோடு சொன்னால் மனதில் நிற்கும். ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும் என்கிறது விதி. ஓர் ஆலையில் அந்த ஒத்திகையைப் பார்க்க மாணவர்களைக் கூட்டிப்போனேன். சைரன் ஒலித்தது, எல்லாரும் அசெம்ப்ளி பாயின்ட்டுக்கு வந்தார்கள், வருகைப் பதிவேட்டை வைத்து எண்ணினார்கள், கணக்கு சரியாக இருந்தது, கை தட்டினார்கள். என்னோடு வந்த மாணவி ஒருத்தி, "சார், கேன்டீன்ல பாத்திரம் கழுவிட்டு இருந்தாங்களே மூணு அக்கா, அவங்க எங்கே?" என்றாள். அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள், பதிவேட்டில் பெயர் இல்லை. கேன்டீனிலேயே இருந்தார்கள். சைரன் தங்களுக்கில்லை என்று நினைத்திருக்கிறார்கள். அந்த ஆலையில் அடுத்த வாரமே கேட் பாஸ் கணக்கை வைத்துத் தலை எண்ணும் முறை வந்தது. அன்றைக்கு அவளுக்கு நான் போட்ட மார்க்தான் அந்த வருடம் நான் போட்டதிலேயே அதிகம்.

கூட்ட மேலாண்மைக்கு மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு சதுர மீட்டர் கட்டம் போடுவேன். இரண்டு பேர் நின்றால் தாராளம். நாலு பேர் நின்றால் திரும்பலாம், நடப்பது கடினம். ஆறு பேர் நின்றால் அடுத்தவர் உடம்பு அசைந்தால்தான் நம் உடம்பு அசையும். திருவிழாவில் ஒரு லட்சம் பேர் வருவார்கள் என்று தாளில் எழுதும் பிள்ளைகள் இந்தக் கட்டத்துக்குள் நின்ற பிறகு, எத்தனை பேர் என்று கேட்பதை விட்டுவிட்டு எத்தனை சதுர மீட்டர், எத்தனை வெளிவழி என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள்.

கடைசியாக, தீ அறிக்கை. நீதிமன்றத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் அதுதான் போகும். கண்ணால் கண்டதை ஒரு பக்கம், மற்றவர் சொன்னதை மறு பக்கம் எழுதச் சொல்வேன். காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுத வேண்டும். மின்கசிவு என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது வழக்கமாகிவிட்டது. செம்புக் கம்பி 1,085 டிகிரி செல்சியஸில் உருகும். கம்பி முனையில் மணி கட்டியிருந்தால் அது மின்பொறியால் வந்ததா, வெளித்தீயில் உருகியதா என்று பிரித்துப் பார்க்காமல் அந்தக் காரணத்தை எழுத ஒருவருக்கும் உரிமையில்லை. தவறான காரணம் எழுதினால் உண்மையான காரணம் அதே கடையில் அப்படியே காத்திருக்கும்.

நாக்பூர் தேசியத் தீயணைப்புக் கல்லூரி, சென்னை மண்டலத் தொழிலாளர் நிறுவனம் என்று நல்ல இடங்கள் உண்டு. தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் பயிற்சி மையங்களும் உண்டு. எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுமுன் மைதானத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஓடுகிற பம்ப் இருக்கிறதா, சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரஸர் இருக்கிறதா, புகை அறை இருக்கிறதா, ஹோஸ்கள் நனைந்து உலர்ந்த அடையாளத்தோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே சேராதீர்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து இறந்த தீயணைப்பு வீரர்கள் நினைவாக, ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. அந்த வாரத்தில் உங்கள் ஊர் நிலையத்துக்குப் போங்கள். பம்ப் இயக்குபவரிடம் தண்ணீர்க் கணக்கைக் கேளுங்கள், மகிழ்ச்சியாகச் சொல்லித் தருவார்.