அகப்பட்டது மீன் அல்ல!

தூண்டிலில் அகப்பட்ட மீனுக்காக இரங்குகிறவர்கள் உலகத்தில் அநேகர் உண்டு. தூண்டில் போட்ட மனிதனே அதில் அகப்பட்டுக்கொண்டால் அவனுக்காக இரங்குவார் ஒருவரும் இல்லை. "நன்றாக வேண்டும்!" என்றுதான் சொல்வார்கள். என் மனைவி அப்படித்தான் சொன்னாள். அவள் சொன்னது முற்றிலும் நியாயம் என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

தூண்டில் போடுவதைப் பெரிய சாஸ்திரமாக்கிப் புத்தகம் எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள். சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர், இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-ஆம் ஆண்டிலேயே ஒரு நூலை வெளியிட்டார். நம் ஊர்ப் பையன்களோ அந்த நூலைக் கண்ணாலும் பாராமல், மூங்கில் கழியும் மண்புழுவும் கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கெண்டையும் கெளிறும் பிடித்து வருகிறார்கள். நான் புத்தகம் படித்தவனும் அல்ல; ஆற்றங்கரைப் பையனும் அல்ல. ஆபத்துக்கு அதுவே போதுமாயிற்று.

கொள்ளிடக் கரையில் ஒரு நாள் மாலை, துள்ளிய கெண்டை ஒன்றைத் தூண்டிலிலிருந்து விடுவிக்க முயன்றேன். கெண்டை தண்ணீருக்குப் போய்விட்டது. முள் என் கட்டைவிரலுக்குள் போய்விட்டது. வந்த வழியே இழுத்துவிடலாம் என்று எண்ணி இழுத்தேன். உயிர் போகிறாற்போல வலித்ததே தவிர முள் அசையவில்லை. தூண்டில் முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே, பின்னோக்கிச் சாய்ந்த சிறு பல் ஒன்று இருக்கிறது. உள்ளே போகும்போது அது வழிவிடும். திரும்பும்போது சதையைப் பற்றிக்கொள்ளும். மீனுக்கென்று செய்த அந்த ஏற்பாடு மனிதனையும் விட்டு வைப்பதில்லை.

"இழுக்காதீங்க ஐயா!" என்று ஒரு குரல் கேட்டது. சற்றுத் தூரத்தில் வலையைச் செப்பனிட்டுக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். என் கையை ஒரு கல்லின்மேல் அசையாமல் வைக்கச் சொன்னார். ஒரு முழம் தடித்த நூலை முள்ளின் வளைவில் மாட்டி, அதன் இரு நுனிகளையும் வலக்கையில் சுற்றிக்கொண்டார். முள்ளின் தண்டை, நூல் கட்டும் காதுப் பக்கத்தில், இடக்கை விரலால் தோலோடு சேர்த்து அமுக்கினார். அப்படி அமுக்கினால் சதையைப் பற்றியிருக்கும் பல் விடுபடுகிறது. பிறகு, காதுக்கு எதிர்த் திசையில், தோலை ஒட்டினாற்போல் நூலை ஒரே வெட்டாக இழுத்தார். நான் "ஐயோ!" என்று வாயெடுப்பதற்குள் முள் பறந்துபோய்ப் புல்லில் விழுந்தது. எதிரில் யாரும் நிற்கவில்லையே என்று அவர் முன்னதாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதே முறையை 1961-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவப் பத்திரிகை ஒன்று விவரித்திருக்கிறது என்றும், இன்றும் மருத்துவர்கள் இதைக் கையாளுகிறார்கள் என்றும் பின்னால் அறிந்தேன்.

பெரியவர் சொற்படி காயத்தைச் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவிவிட்டு டாக்டரிடம் போனேன். "துருவினால் இசிவு நோய் வருவதில்லை, மண்ணில் வாழும் கிருமியினால் வருகிறது. காற்றுப் புகாத ஆழமான துவாரம் அதற்குச் சௌகரியமான வீடு" என்றார் அவர். 1890-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பெரிங் என்பவரும், ஜப்பானியரான கிடஸாடோவும் அந்த நோய்க்கு எதிர்விஷம் கண்டறிந்தார்களாம். அழுக்குப் படிந்த காயமானால், கடைசியாகத் தடுப்பூசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடியும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். எனக்கோ எத்தனை வருஷம் ஆயிற்று என்பதே நினைவில்லை. ஊசி போட்டார்கள்.

இத்துடன் கதை முடிந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு வித்தை தெரிந்துவிட்டதே! ஆரஞ்சுப் பழத் தோலில் முள்ளைக் குத்தி, நூலை மாட்டிச் சுண்டியெடுத்து, வருவோர் போவோருக்கெல்லாம் காண்பித்தேன். யாவரிலும் அதிகமாக ஆச்சரியப்பட்டவன் பத்து வயதான என் மகன்.

அடுத்த கோடையில் அவனையும் கொள்ளிடத்துக்கு அழைத்துப் போனேன். அவன் தூண்டிலை வீசினான். காற்று திருப்பியடித்தது. அவன் "அப்பா!" என்று அலறியதைக் கேட்டுத் திரும்பினேன். முள் அவனுடைய வலது கண்ணின் மேல் இமையில் குத்தி நின்றது.

அவன் அழவில்லை. "அப்பா, அந்த நூல் வித்தையைப் பண்ணுங்கள்" என்றான். அவ்வளவு நம்பிக்கை! என் கை தானாகவே நூலைத் தேடி எடுத்தது. அதை முள்ளின் வளைவில் மாட்டப் போகும் சமயம், அதே பெரியவர் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது விரல், ஐயா. இது கண்ணு. நான்கூடத் தொடமாட்டேன்."

முள் அசையாதபடி தூண்டில் நூலைக் கத்தியால் அறுத்துவிட்டார். தேநீர் குடிக்கும் காகிதக் கிண்ணம் ஒன்றைக் கண்ணின்மேல் எங்கும் அழுத்தாமல் கவிழ்த்து, துணியால் கட்டினார். பையனைக் கண்ணைக் கசக்காமல் உட்கார்ந்திருக்கச் சொன்னார். ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்பதை எழுத எனக்குச் சக்தியில்லை.

கண் டாக்டர் மரத்துப்போகும் மருந்து போட்டு, முள்ளின் நுனியை முன்பக்கமாகத் தள்ளி வெளிவரச் செய்து, பல்லை வெட்டியெறிந்துவிட்டு, மிச்சத்தை வந்த வழியே எடுத்தார். விழியில் ஒரு கீறலும் இல்லை. "நீங்கள் சுண்டியிழுத்திருந்தால் இமை கிழிந்திருக்கும், விழியும் போயிருக்கலாம்" என்றார். கண், முகம், கழுத்து, மூட்டு, பெரிய இரத்தக்குழாய் இவற்றின் அருகே குத்தியிருந்தாலும், முள் ஆழமாகப் புதைந்திருந்தாலும் வைத்தியர் தவிர வேறு யாரும் கை வைக்கலாகாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

இம்முறை என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு, "நன்றாக வேண்டும்" என்று நூறு தடவை சொல்லியிருக்கலாம்.

இரவில் பையன் கேட்டான்: "அப்பா, உங்களுக்குத் தெரியும் என்றீர்களே, ஏன் செய்யவில்லை?"

"எனக்குத் தெரியாது என்பது அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருந்தது" என்றேன்.

இப்பொழுதும் நாங்கள் கொள்ளிடத்துக்குப் போகிறோம். இருவர் மூக்கிலும் கண்ணாடி இருக்கிறது. வீசுவதற்கு முன் பின்புறம் திரும்பிப் பார்க்கிறோம். முள்ளின் பல்லைக் குறட்டால் நசுக்கி வழுவழுப்பாக்கி விடுகிறோம். இதனால் பாதி மீன்கள் தப்பிப் போய்விடுகின்றன. மீன்கள் இதைப் பற்றி இதுவரையில் புகார் எதுவும் செய்யவில்லை.