ஒரே வாரத்தில் மூன்று நோன்பு

பிப்ரவரி 16, 2026, திங்கள்

நேற்று சிவராத்திரி. குலதெய்வக் கோயிலில் கண்விழித்த பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு வந்தார்கள். நாளை மறுநாள் சாம்பல் புதன். பிறை தெரிந்ததும் ரமலான். நீதிபோதனை வகுப்பில் புத்தகத்தைத் திறக்கவில்லை. வீட்டில் யார் நோன்பு இருக்கிறார்கள், எதைச் சாப்பிட மாட்டார்கள், ஏன் என்று கேட்டு வரச் சொன்னேன்.

பிப்ரவரி 18, புதன்

அனுமந்தன்பட்டி அம்மாச்சி வீட்டிலிருந்து ஒருத்தி காய்ந்த குருத்தோலைச் சிலுவை கொண்டுவந்தாள். "போன வருசத்து ஓலையை எரிச்சுத்தான் டீச்சர் சாம்பல் பூசுவாங்க." பக்கத்திலிருந்தவன் தன் நெற்றியைத் தடவிக்கொண்டான்: "எங்களுது சாணத்தை எரிக்கிறது."

"எங்க அத்தா திராட்சைத் தோட்டத்துல கவாத்து வெட்டுவாங்க. நோன்புன்னா பகல்ல தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க" என்றான் இன்னொருவன்.

"எச்சில் முழுங்கலாமா?"

"கேட்டுட்டு வந்து சொல்றேன்."

ஓடைப்பட்டி வெயிலில் நாளெல்லாம் கொடிக்கடியில் நிற்பது என்னவென்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். வகுப்பு அமைதியானது. எந்த உபதேசமும் அந்த மரியாதையைப் பெற்றுத் தந்திருக்காது. பிறகு ஒவ்வொருவரும் மற்றவர் வீட்டில் நோன்பு முடிக்கும் தட்டை வரைந்தார்கள். தப்பைத் திருத்தும் உரிமை அந்த வீட்டுப் பிள்ளைக்கு. நோன்புக் கஞ்சி மூன்று முறை திருத்தப்பட்டது.

பிப்ரவரி 19, வியாழன்

அரசுப் பள்ளியில் மதம் பேசலாமா என்று சக ஆசிரியர் கேட்டார். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. நியாயமான தடை. ஆனால் மதங்களைப் பற்றி அறிவதை அது தடுக்கவில்லை என்று 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலங்கையில் சமயம் கட்டாயப் பாடம். அவரவர் சமயத்தை அவரவர் படிக்கிறார்கள். ஆழம் கிடைக்கும், பக்கத்து பெஞ்சின் நோன்பு தெரியாமல் போகும். எனக்கு நம் வழியே பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 21, சனி

பிள்ளைகளை உத்தமபாளையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே பாறையில் ஆயிரம் ஆண்டுப் பழமையான சமணச் சிற்பங்கள். பார்சுவநாதர் தலைமேல் பாம்புப் படம். "இவங்களும் நோன்பு இருந்தாங்களா டீச்சர்?" உண்ணாமலே உயிர்விட்ட சமணத் துறவிகளைப் பற்றிச் சொன்னேன். யாரும் சொல்லாமலே நோட்டை எடுத்து வரையத் தொடங்கினார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் பாடம் நடத்துகிறவர்களே, உங்கள் பிள்ளைகளையும் அங்கே கூட்டிப் போங்கள். முதல் கேள்வியை அவர்கள் கேட்கட்டும்.